தங்கத்தைத் தேடினால் ஊதா வருது

நகைப் பட்டறைகளில் நிலத்தைக் கூட்டின தூசியைக்கூட லேசில் எறிய மாட்டாங்க. அராவின தூள், மெருகு போட்ட துணி, உடைந்த மூசை என்று எல்லாத்திலயும் பொன் ஒட்டியிருக்கும். அதைத் திரும்ப எடுக்கும் வழிகளில் ஒன்று ராஜதிராவகம்: ஒரு பங்கு நைத்திரிக்கமிலம், மூன்று பங்கு ஐதரோகுளோரிக்கமிலம். தனித்தனியே பொன்னை அசைக்க முடியாத ரெண்டும் சேர்ந்தால் அதைக் கரைத்துவிடும். மஞ்சள் கரைசல் வரும். அதில் அன்னபேதியைப் போட்டால் பொன் கபிலத் தூளாக அடியில் படியும். உருக்கினால் பழைய மஞ்சள்.

இது புத்தகக் கணக்கு. பட்டறைக் குப்பையில் பொன் மட்டுமா இருக்கு? செப்பு கலந்தால் கரைசல் பச்சையாகும். வெள்ளி வெள்ளைப் படிவாக இறங்கும், வெயில் பட்டால் அதுவே ஊதாச் சாம்பலாகக் கறுக்கும். நைத்திரிக்கமிலம் மிச்சமிருக்கும்போது அன்னபேதியைப் போட்டால் திடீரென்று கடுங்கபிலம் வரும். ஏ எல் கெமிஸ்ட்ரி செய்தவங்களுக்குத் தெரியும், அது கபில வளையப் பரிசோதனையின் நிறம்தான், பொன் இல்லை. எல்லாத்தையும் விட மோசமானது வெள்ளீயம். பற்றாசிலிருந்து கொஞ்சம் வந்துவிட்டால் போதும், முழுக் கரைசலும் ஊதாவாகும். நாள்கணக்கில் வைத்தாலும் லேசில் படியாது, வடிதாளிலும் நிற்காது. பொன் போய்விட்டது என்று நினைத்து ஊற்றினால் கானுக்குள்ள போவது பொன்தான்.

இந்த ஊதாவுக்கு ஒரு பெயர் உண்டு: காசியஸின் ஊதா. அந்திரேயாஸ் காசியஸ் என்ற ஜேர்மன் வைத்தியர் 1685இல் பொன்னைப் பற்றி எழுதிய நூலால் வந்த பெயர். அவருக்கு முன்பே கிளவ்பர் இதைப் பற்றி எழுதியிருந்தார். பெயர் யாருக்குப் போகும் என்பதில் வரலாறு அவ்வளவு நியாயம் பார்ப்பதில்லை. அதே காலத்தில் பொட்ஸ்டாமில் யோகான் குங்கெல் பொன்னை வைத்து மாணிக்கச் சிவப்புக் கண்ணாடி செய்தார். 1720களில் சீனப் பீங்கானில் ரோஸ் நிறம் வந்ததும் பொன்னால்தான். ஆக, பட்டறைக்காரருக்குத் தலையிடியானது கண்ணாடிக்காரருக்கு வியாபாரம்.

ஆனால் அது என்ன பொருள்? பொன்னும் வெள்ளீயமும் சேர்ந்த சேர்வையா, வெறும் கலவையா? இதற்காக இரசாயனவியலாளர்கள் 19ஆம் நூற்றாண்டு முழுக்க அடிபட்டாங்க. 1857இல் மைக்கேல் பரடே பொன் கரைசலைப் பொசுபரசால் தாழ்த்தி மாணிக்கச் சிவப்புத் திரவம் எடுத்தார். அதில் உப்புப் போட்டதும் அது நீலமானது. இதெல்லாம் பொன்தான், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னத் துணிக்கைகள் என்று அவர் சரியாகவே ஊகித்தார். துணிக்கைகள் ஒட்டிப் பெருக்கும்போது நிறம் சிவப்பிலிருந்து ஊதா, நீலம் என்று நகரும். காசியஸின் ஊதா வெள்ளீய ஒட்சைட்டில் தங்கிய நுண்பொன் என்று 1898இல் காட்டியவர் ரிச்சர்ட் சிக்மண்டி. 1925ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு. நிறத்துக்கான கணக்கை குஸ்தாவ் மீ 1908இல் போட்டார்.

அந்த 1908இல்தான் ஆனந்த குமாரசுவாமியின் ‘மத்தியகாலச் சிங்களக் கலை’யும் வெளிவந்தது. பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுக் கண்டி இராச்சியத்தின் கைவினைகளையும், அவற்றைச் செய்தவர்களின் சமூக நிலையையும் பற்றியது. கலை வரலாற்றாளராகவே எங்களுக்கு அறிமுகமானவர், உண்மையில் படித்தது புவியியல் இல்லை, புவிச்சரிதவியல். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிமவியல் ஆய்வின் பணிப்பாளர். ஓ எல் முடிச்ச கையோட ஆர்ட்ஸ், சயன்ஸ் என்று பிரித்துவிடப்பட்ட எங்களுக்கு இது கொஞ்சம் பொறாமைதான். 1815இல் அரசன் போனதோடு அரண்மனைக்கு வேலை செய்தவங்களின் ஆதரவும் போனது. கனிமம் தேடி ஊர் ஊராக நடந்தவரின் கண்ணில் அந்த இழப்பு பட்டது. பெரதெனியாவில் பெக்கல்டி மாறிப் போய் ஒரு கேள்வி கேட்கவே நாங்கள் இரண்டாம் வருஷம் வரை யோசித்தோம்.

கேட்டதில் கிடைத்தது இது: ஊற்ற முன்னம் கரைசலில் ஒரு சொட்டை வடிதாளில் விட்டு, மேலே வெள்ளீயக் குளோரைட்டு ஒரு சொட்டு விட வேண்டும். தாள் ஊதாவானால் பொன் இன்னும் உள்ளேயே இருக்கு.