ஆர்டர் வாங்கித் தந்த ஆட்டம்: சென்னையின் மேற்குப் புறநகரும் கூடைப்பந்துப் பிழைப்பும்

தமிழ்நாட்டுக் கூடைப்பந்து வரலாற்றைப் படிக்க முனைபவர் முதலில் கவனிக்க வேண்டியது அணிகளின் பெயர்களைத்தான். இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, வருமான வரித்துறை, தமிழ்நாடு காவல்துறை என்று நீளும் அந்தப் பட்டியலில் ஊர்ப் பெயர் அரிது. இருப்பவை எல்லாம் சம்பளம் கொடுத்த நிறுவனங்களின் பெயர்களே. அமெரிக்காவில் ஓர் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாளிலிருந்து தொழில்முறை வீரர் எனப்படுகிறார். இங்கோ அவருடைய தொழில்வாழ்க்கை பணி நியமன ஆணை, அதாவது பேச்சுவழக்கில் ‘ஆர்டர்’, கைக்கு வந்த நாளில்தான் தொடங்கியது. பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என்ற மேற்குப் புறநகர் வட்டாரத்தின் கடந்த எழுபது ஆண்டுக் கதை இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்பதைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் கூரைக்கடியில் ஆடுவதற்கென்று பீச் பழக்கூடைகளை மாட்டி உருவாக்கிய ஆட்டம், அதே ஒய்.எம்.சி.ஏ. அமைப்பின் வழியாகவே உலகெங்கும் பரவியது. ஸ்பிரிங்ஃபீல்டு பள்ளியில் பின்னாளில் படித்த ஹாரி க்ரோ பக் 1919இல் சென்னைக்கு வந்து, மறு ஆண்டு உடற்கல்விக் கல்லூரி ஒன்றைத் தொடங்கினார்; இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி அதுவே. மேற்குப் புறநகரான பூந்தமல்லியிலோ ஆங்கிலேயர் காலத்துப் படைமுகாம் இருந்ததைக் கன்டோன்மென்ட் என்ற இடப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. ஆனால் படைமுகாம்கள் இந்நாட்டுக்குத் தந்தவை கிரிக்கெட்டும் ஹாக்கியும் கால்பந்துமே. கூடைப்பந்து ஆசிரியர்களின் கைவழி வந்த ஆட்டம். பக்கின் கல்லூரியில் பயின்று வெளியேறிய பி.டி. வாத்தியார்கள் பள்ளி பள்ளியாக அதைக் கொண்டுசென்றார்கள் என்பதால், நாலு பேர் தெருவில் கூடிப் பழகிய ஆட்டமாக அல்லாமல், மணியடித்து வகுப்பெடுக்கும் ஆட்டமாகவே அது தமிழ்நாட்டில் வேர்விட்டது.

இந்த ஆட்டத்துக்குச் சோறு போட்டது பொதுத்துறை. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, நாட்டின் பொருளாதாரம் சமதர்மப் பாங்கில் அமைய வேண்டும் என்று தீர்மானித்தது. கூடைப்பந்தைப் பற்றி அங்கே யாரும் பேசியிருக்க வாய்ப்பில்லை. எனினும் அத்தீர்மானத்தின் திசையில் எழுந்த நிறுவனங்களே இவ்வாட்டக்காரர்களின் புரவலர்கள் ஆயின. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். திறக்கப்பட்டது. 1961இல் ஆவடியில் நிறுவப்பட்ட கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து சில ஆண்டுகளில் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. 1969 ஜூலையில் நாட்டுடைமையாக்கப்பட்ட 14 வங்கிகளுள் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன. ஆயிரக்கணக்கானோர் பணியாற்றிய இந்நிறுவனங்களில் பத்துப் பன்னிரண்டு உயரமான இளைஞர்களுக்கு எழுத்தர் அல்லது கலாசி வேலை கொடுப்பது பெரிய செலவன்று. நிறுவனத்தின் பெயர் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் வருவதோ அதற்கு ஈடான விளம்பரம்.

1980ஆம் ஆண்டை இவ்வரலாற்றின் திருப்பமாகக் கொள்ளலாம். பல நாடுகள் புறக்கணித்த மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்திய ஆடவர் கூடைப்பந்து அணி முதல்முறையாகவும் இதுவரை ஒரே முறையாகவும் பங்கேற்று, 12 அணிகளுள் கடைசி இடம் பெற்றது. ஒலிம்பிக் முடிந்த மறுநாளான ஆகஸ்ட் 4ஆம் தேதியிட்டு, திறமையுள்ள விளையாட்டு வீரர்களைக் கீழ்நிலைப் பணியிடங்களில் வழக்கமான தேர்வு முறையைத் தளர்த்தி நியமிக்கலாம் என்ற மத்திய அரசின் ஆணை வெளியானது. இரண்டும் அடுத்தடுத்து நிகழ்ந்தது தற்செயலே. ஆனால் மாஸ்கோவைக் காட்டிலும் அந்த ஆணையே ஆட்டக்காரர்களின் வாழ்க்கையை அதிகம் மாற்றியது என்பதில் ஐயமில்லை. அதனோடு இணைந்த நான்கு படிவங்கள் ஒரு வீரரின் வாழ்க்கையை நான்கு படிகளாகப் பிரித்தன: நாட்டுக்காக ஆடியவருக்கு முதல் படிவம், மாநிலத்துக்காக ஆடியவருக்கு இரண்டாவது, பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு மூன்றாவது, தேசியப் பள்ளி விளையாட்டில் ஆடியவருக்கு நான்காவது. எந்தப் படிவத்தில் யார் கையெழுத்திட வேண்டும் என்பதும் வரையறுக்கப்பட்டது. அடித்த புள்ளிகளும் ஆடிய நிமிடங்களும் அத்தாளில் இடம்பெறுவதில்லை. அணியில் இருந்தாரா, அணி எந்த இடம் பெற்றது என்பதே கேள்வி. பெஞ்சில் அமர்ந்திருந்த பன்னிரண்டாவது ஆளுக்கும் அணித்தலைவருக்கும் ஒரே சான்றிதழ். மாநில அணித் தேர்வின் கடைசி இரண்டு இடங்களுக்கு இறுதி ஆட்டத்தை விடக் கடுமையான போட்டி நிலவியதற்கும், தேர்வுக் குழுவைச் சுற்றி மனக்கசப்புகள் எழுந்ததற்கும் காரணம் இதுவே.

வேலை கிடைத்தபின் ஏற்பட்ட அன்றாடமும் தனித்தன்மை உடையது. காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, மதியத்துக்கு மேல் பயிற்சிக்குச் செல்ல அனுமதி, போட்டிக் காலத்தில் சிறப்பு விடுப்பு என்பது பொதுவான நடைமுறை. கோடை வந்தால் பெரியகுளம், கரூர், கோயம்புத்தூர் என்று அகில இந்தியப் போட்டிகள் வரிசைகட்டும். மின்னொளியில், திறந்தவெளி அரங்குகளில், ஊரே திரண்டு பார்க்க நடக்கும் இப்போட்டிகளே இந்த ஆட்டத்துக்கு உண்மையான ரசிகர்களைத் தந்தன. பெரியகுளத்துக்காரர்களுக்கு வங்கி அணியின் ஆட்டக்காரர் எந்தக் கையால் பந்து தட்டுவார் என்பது வரை தெரியும், சென்னையில் அவர் உட்காரும் மேசைக்குப் பக்கத்து மேசைக்காரருக்கு அது தெரியாது.

இந்த ஏற்பாட்டின் உச்சத்தை மகளிர் ஆட்டத்தில் காணலாம். கேரளத்தில் பிறந்த கீது அன்னா ஜோஸ் தெற்கு ரயில்வே பணியாளராக இருந்தபடியே, ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் அணிக்கு ஆடினார். 2011இல் அமெரிக்க மகளிர் தொழில்முறை லீக்கின் சில அணிகள் நடத்திய தேர்வுகளிலும் கலந்துகொண்டார். இடம் கிடைக்கவில்லை, திரும்பி வந்தபோது ரயில்வே வேலை அப்படியே இருந்தது. சென்னையைச் சேர்ந்த அனிதா பால்துரை, இவரும் தெற்கு ரயில்வேக்காரர், 2000 முதல் 2017 வரை இந்திய அணியில் நீடித்து, 19 வயதிலேயே அணித்தலைவராகி, 2021இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். தாயான பின்னும் இந்திய அணிக்குத் திரும்பிய அவருக்கு, ஆட்டம் நின்ற மாதங்களிலும் வேலை நிற்கவில்லை என்பது சிறிய செய்தியன்று. ஆண்டுக்காண்டு புதுப்பிக்கப்படும் ஒப்பந்தத்தை நம்பிய வீராங்கனைக்கு, மகப்பேறு பல நாடுகளில் தொழிலின் முடிவாகவே இருந்திருக்கிறது.

பொதுத்துறை ஆளெடுப்பு சுருங்கத் தொடங்கிய காலத்தில் கல்லூரிகள் முன்னுக்கு வந்தன. 1984க்குப் பின் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்ததும், அவற்றுள் பல நெடுஞ்சாலைகளை ஒட்டி எழுந்தன. பூந்தமல்லியைத் தாண்டித் திருப்பெரும்புதூர் நோக்கிச் செல்லும் பெங்களூரு சாலையும் அவற்றுள் ஒன்று. கட்டண விலக்கும் விடுதிச் சாப்பாடும் தந்து ஆட்டக்காரர்களைச் சேர்ப்பது கல்லூரிகளின் வழக்கமாயிற்று. இதுவே ‘ஸ்போர்ட்ஸ் கோட்டா’ சீட்டு. அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரருக்கு 2021 ஜூலை வரை தம் பெயரை வைத்துச் சம்பாதிக்கத் தடை இருந்தது. ஆனால் அவர் ஆடும் ஆட்டம் கல்லூரிக்குக் கோடிகளை ஈட்டித் தந்தது. இங்கே அப்படி ஈட்டுவதற்கு வருமானமே இல்லை. ஒரு பட்டமும் மூன்றாம் படிவமும் கிடைத்தால் போதும் என்பதே பெற்றோரின் கணக்கு.

பயிற்சியாளர்களின் கதை சுருக்கமானது, சற்றே சோர்வூட்டுவது. நந்தனத்தில் உடற்கல்விப் பட்டமோ, 1961இல் பாட்டியாலாவில் தொடங்கிய தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பட்டயமோ பெற்றவர் பள்ளியில் ஆசிரியராகவோ, கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகவோ, 1992இல் அமைந்த தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்றுநராகவோ பணியாற்றி ஓய்வு பெறுவார். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் அரசிடம் மிக அதிகச் சம்பளம் வாங்குபவர் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அல்லது கூடைப்பந்துப் பயிற்சியாளரே. இங்கே பயிற்சியாளரின் சம்பளத்தை நிர்ணயிப்பது வெற்றியன்று, பணிமூப்பு. வங்கி அணிகளில் ஆடி முடித்தவர்கள் அங்கேயே பயிற்சியாளரானதும் உண்டு. காலையில் கல்லாவிலும் மாலையில் ஆடுகளத்திலுமாக அவர்களுக்கு இரண்டு வேலை, ஊதியம் ஒன்று.

2015இல் யு.பி.ஏ. என்ற தனியார் லீக் சென்னை ஸ்லாம் என்ற அணியோடு வந்தது. தேசியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் ஆதரவு பெறாத அந்த லீக் சில ஆண்டுகளில் நின்றது. பின்னர் கூட்டமைப்பின் ஆதரவுடன் வந்த ஐ.என்.பி.எல். லீக்கில் சென்னை ஹீட் ஆடியது. அணிக்கு ஊர்ப் பெயர் கிடைத்தது. ஆட்டக்காரருக்குச் சில வாரச் சம்பளம் கிடைத்தது. எனினும் பழைய நான்கு படிவங்கள் நாடு, மாநிலம், பல்கலைக்கழகம், பள்ளி ஆகியவற்றை மட்டுமே அறியும். ஊர்ப் பெயர் தாங்கிய தனியார் அணிக்கு ஆடியதை எழுத அவற்றில் இடமில்லை.