தீர்த்தக் கணக்கும் தோற்றக் கேள்வியும்

மட்டக்களப்பு நகரை அடுத்த அமிர்தகழியில், மாமாங்கேஸ்வரர் ஆலய மகோற்சவம் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவுபெறும். தலக்கதை இராமனையும் அனுமனையும் பேசும். பிதிர்க்கடனுக்குச் சனம் குளத்தில் இறங்கும் நாளோ பாகைக் கணக்கில் நிற்கும். சூரியனும் சந்திரனும் ஒரே பாகையில் சேரும் கணத்தில் அமாவாசைத் திதி முடிகிறது. அங்கிருந்து சந்திரன் 12 பாகை விலகி ஓடும் பொழுது அடுத்த திதி. கதையைக் கணக்கும், கணக்கைக் கதையும் சாட்சிக்கு அழைத்ததில்லை. ஐரோப்பிய வானியல் ஈழத்தில் புகுந்தபோது சைவரின் பிரபஞ்சச் சிந்தனை ஏன் குலையவில்லை என்ற கேள்விக்கு விடை இந்தப் பிரிவினைக்குள்ளேயே கிடக்கிறது என்பது என் துணிபு.

இதற்கான சான்று வடக்கிலிருந்து வருகிறது. வட்டுக்கோட்டையில் 1823இல் செமினரி தொடங்கிய அமெரிக்க மிசனரிமார், பூமி உருண்டை என்றும் சூரியனைச் சுற்றுகிறது என்றும் நிறுவிவிட்டால் மேருவும் ஏழு கடலும் சரியும், கூடவே சைவமும் சரியும் என்று எண்ணினர். 1829 மார்ச்சில் நேர்ந்த சந்திரகிரகணத்தை முன்வைத்து, டானியல் பூர் பாதிரியாரின் கணிப்பும் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியாரின் கணிப்பும் எதிரெதிரே நின்றன. சாஸ்திரியார் பிழைபட்டார். ஆனால் எவ்வளவு பிழைபட்டார் என்று பார்க்க வேண்டும்: கிரகணம் வரும் என்றும் எந்த இரவு வரும் என்றும் அவர் சரியாகவே சொன்னார், பிசகியது நிமிடங்களிலும் மறைப்பின் அளவிலும். இராகு விழுங்குகிறான் என்று வைத்துக்கொண்டு எவராலும் நிமிடம் குறிக்க முடியாது. பிசகியது சித்தாந்தக் கணிதத்தின் பழைய மாறிலிகள். அவற்றைத் திருத்தினால் போதும், சமயத்தை விட வேண்டியதில்லை. பின்னாளில் வாக்கியப் பஞ்சாங்கத்தோடு திருக்கணிதமும் அச்சேறி, இன்றும் இரண்டும் ஈழத்தில் புழங்குவது அந்தத் திருத்தத்தின் தொடர்ச்சியே. இரண்டுக்கும் திதியில் மணிக்கணக்கில் வேறுபாடு வந்தாலும் தர்க்கம் விரத நாளைப் பற்றியதாகவே இருக்கிறது. உலகம் எப்படித் தோன்றியது என்பதை எவரும் அதற்குள் இழுப்பதில்லை.

தோற்றக் கேள்விக்கு வேறொரு மரபு உண்டு. பரிபாடலின் இரண்டாம் பாடலில் கீரந்தையார் வெளி, காற்று, தீ, நீர், நிலம் என்று பூதங்களை வரிசையாகப் பிறக்க வைத்து, அவை கடந்த ஊழிகளுக்கு மலர்களின் பெயர் கொண்ட பேரெண்களைக் கொடுக்கிறார். மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதியிலோ, நூற்றொரு கோடிக்கு மேற்பட்ட அண்டங்கள் வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் தெரியும் தூசு போலச் சிறுக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் இதையே தருக்கமாக்கினார்: இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது, ஆகவே மாயை அனாதி, தோற்றமும் ஒடுக்கமும் மாறிமாறி வரும். இந்த வாதத்துக்கு மேரு மலை ஒரு தூணும் அல்ல. அதே செமினரியில் வானியல் கற்பித்த ஹொய்சிங்டன், மெய்கண்டாரின் சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1854இல் வெளியிட்டார். எதிராளியின் அத்திவாரம் வேறெங்கோ இருப்பதை அவர் கண்டுகொண்டார் போலும்.

மேரு உடைந்ததே, அது தோல்வியில்லையா என்று கேட்கலாம். புராணப் பூகோளம் தோற்றது உண்மைதான். அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. அதைவிடக் கடினமான மறுப்பு நம்மவரிடமிருந்து வருகிறது: பெருவெடிப்பையும் விரியும் அண்டத்தையும் மாணிக்கவாசகர் அன்றே சொல்லிவிட்டார் என்பது. இதை ஏற்க முடியாது. விண்மீன் மண்டலங்கள் விலகுவதை 1929இல் ஹபிள் நிறமாலைகளையும் தூரங்களையும் ஒப்பிட்டு நிறுவினார். 1,380 கோடி ஆண்டு என்ற இன்றைய வயது அண்ட நுண்ணலைப் பின்னணியை அளந்து பெற்றது. நூற்றொரு கோடி என்பது அளந்த எண்ணில்லை, அளவுக்கு அடங்காமையைச் சொல்லும் வாக்கு. இவ்வகைப் பெருமிதம் மிசனரிமாரின் அதே பிழையைத் தலைகீழாகச் செய்கிறது.

பிரிவினையைத் தெரிந்தே காத்த ஒருவர் இக்கரையிலேயே பிறந்தார். காரைதீவில் 1892இல் பிறந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பயின்ற விபுலானந்தர், இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, 1924இல் துறவியானார். 1947இல் வெளிவந்த யாழ் நூலில் சுருதிகளைக் கணிதத்தால் ஆராய்ந்தவர், அக்கணிதத்தைக் கொண்டு கடவுளை நிறுவ முனையவில்லை. ஐரோப்பாவிலும் இதற்கு இணை உண்டு. பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்ட லெமெத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. பாப்பரசர் 12ஆம் பயஸ் 1951இல் அக்கொள்கையைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியபோது அதை விரும்பாதவரும் அவரே.