கரடியின் வீட்டைத் தேடி

தொப்பம்பட்டிச் சமவெளியில் நின்று தெற்கே நோக்கினால் பழனிமலைத் தொடர் நீலமாகத் தெரியும். அம்மலைகளில் வாழும் கரடியைப் பற்றிய அறிவு நமக்கு எவ்வாறு கிடைத்தது தெரியுமா? அதில் ஒரு பகுதி வேட்டைத் துப்பாக்கியின் வழியே வந்தது.

1791-இல் ஜார்ஜ் ஷா என்ற ஆங்கில இயற்கையியலார் இவ்விலங்கின் நீண்ட நகங்களைக் கண்டு, மரங்களில் தொங்கும் ஸ்லாத் இனம் என்றே எண்ணிப் பெயரிட்டார். கரடி என்பது பின்னரே தெளிவாயிற்று. அதன் மேல்தாடையில் நடு முன்பற்கள் இரண்டும் இல்லை. அந்த இடைவெளி வழியே கரையான்களை உறிஞ்சுகிறது; அவ்வோசை நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும்.

சென்ற நூற்றாண்டுகளின் வேட்டைக்காரர்கள் கரடியைத் தேடவில்லை. அதன் உணவைத் தேடினர். வட அமெரிக்காவில் கருங்கரடி வேட்டையாடுவோர் ஓக் கொட்டை உதிரும் காட்டைத் தேடுவது போல, இங்கே தோண்டிய புற்று, நாவலும் இலந்தையும் பழுத்த சரிவு, தேனடை தொங்கும் பாறை ஆகியவற்றைக் கவனித்தனர். இரவில் மேய்ந்த கரடி விடியலில் குகைக்குத் திரும்பும். அதற்கு மோப்பம் கூர்மை. பார்வையும் செவியும் மந்தம். எனவே காற்று எதிரே வீசும் பக்கத்தில் காத்திருந்தனர். பழனிமலைகளை ஆராய்ந்த டக்ளஸ் ஹாமில்டனின் வேட்டைக் குறிப்புகள் 1892-இல் நூலாயின.

1882-ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் காப்புக்காடுகளில் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்று கரடி அதன் முதல் அட்டவணையில் உள்ளது. 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

ஆயின், பழைய அறிவு வீணாகவில்லை. நல்ல கரடிக்காடு எது என்று அன்று வேட்டைக்காரன் கேட்ட கேள்வியையே இன்று காப்பாளரும் கேட்கிறார். குகையும் புற்றும் பழமரமும் நீரும் அருகருகே அமைந்த காடே அது. இவற்றுள் ஒன்று அழிந்தாலும் கரடி மற்றொன்றைத் தேடித் தோட்டங்களுக்கு இறங்கும். விறகு பொறுக்கச் செல்பவர் திடீரென எதிர்ப்பட்டால், செவி மந்தமான அவ்விலங்கு அஞ்சித் தாக்கும். மலையடிவாரத்தில் வாழ்வோரே, புதர் மண்டிய இடங்களில் பேசிக்கொண்டே செல்லுங்கள். விடியலிலும் அந்தியிலும் தனியே செல்லாதீர்கள். கரடிக்கு அதன் நாவல் மரத்தை விட்டுவைத்தால், அது நம் தோட்டத்தை நாட வேண்டிய தேவை குறையும்.