வீடு தேடி வரும் வைத்தியம்

நோயாளியை நாடி வைத்தியர் வருவதே நம் நாட்டுப் பழைய வழக்கம். திண்ணையில் அமர்ந்து நாடி பார்த்து, மருந்தும் பத்தியமும் சொல்லிச் சென்றவர்களை நம் பாட்டன்மார் அறிவர். ஒலவக்கோட்டு இரயில்வே குவார்ட்டர்ஸிலும், எழுந்து நடக்க இயலாதவர் சீட்டு அனுப்பினால் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்த காலம் உண்டென மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆஸ்பத்திரிகள் பெருகப் பெருக அவ்வழக்கம் அருகிற்று.

இடுக்கி மலைத் தோட்டங்களில் லயங்களில் வாழ்ந்த நம்மவர்க்கு, 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதி செய்து தரும் கடமையை உரிமையாளர்மேல் சுமத்திற்று. நல்லதே. எனினும், இனிக் குணமாகாது என்று கைவிடப்பட்டுப் பாயில் கிடப்பவனுக்கு யார் வருவார்?

இக்கேள்விக்குக் கேரளம் கண்ட விடை, நாம் அறிந்தவரை, பெருமைக்குரியது. இலண்டனில் 1967-இல் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லம், மரணத் தறுவாயிலும் வலியைத் தணிக்கலாம் என உலகுக்குக் காட்டிற்று. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். இராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் பிறரும் கூடி, வேதனை தணிக்கும் பராமரிப்புக்கென ஒரு சங்கம் நிறுவினர். புற்றுநோயாளிகளுள் பலர் ஆஸ்பத்திரிவரை வரவே இயலாதவர்கள். ஆகவே பராமரிப்பு அவர்கள் வீட்டுக்குப் போயிற்று. மலப்புறம் மாவட்டத்தில் இது ஊர்ப் பொதுக்காரியமாகவே மாறிற்று. வாரம் 2 மணி நேரமாவது ஒதுக்கக்கூடிய அண்டை அயலாருக்கு 16 மணி நேரப் பயிற்சி அளித்தனர். பள்ளி ஆசிரியரும் கூலித் தொழிலாளியும் நோயாளியின் கட்டிலருகே அமர்ந்தனர்.

தடை இல்லாமலில்லை. கடும் வலிக்குரிய மார்பின் மருந்தைப் பெறுவதை 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் மிகக் கடினமாக்கியிருந்தது. 2014-இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது. இதனிடையே 2008 ஏப்ரலில் கேரள அரசு இப்பராமரிப்புக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. இந்திய மாநிலங்களுள் இதுவே முதலாவது. அதன்பின் பஞ்சாயத்தும் நகராட்சியும் இதனை ஏற்று நடத்தலாயின. பெரும்பாலும் வருபவர் நர்ஸ் அம்மையே. தேவைப்படின் டாக்டரும் வருவார். படுக்கைப் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், சிறுநீர்க் குழாய் மாற்றுவதும், நோயாளியைப் புரட்டிப் படுக்க வைப்பதை வீட்டாருக்குக் கற்பிப்பதும் அவர் பணி.

இவ்வளவும் நடந்தும் நம்மில் பலர் அறியவில்லை. நம் அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர் பக்கவாதத்தால் இரண்டாண்டு படுக்கையில் கிடந்தார். குழாய் மாற்ற மாதந்தோறும் நால்வர் அவரை நாற்காலியோடு தூக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஏற்றும் போதெல்லாம் அவர் கண்ணை மூடிக்கொள்வார். வலியினாலா, கூச்சத்தினாலா, நாம் கேட்கவில்லை. வீடு தேடி வரும் திட்டம் மலையாளிகளுக்கு மட்டுமே என்று நாமாகவே எண்ணிக்கொண்டிருந்தோம். அது தவறென்று சொன்னவர் பால்காரப் பெண்மணி. ஆஷா பணியாளரிடம் பெயர் கொடுத்த மறுவாரமே நர்ஸ் அம்மை வந்தார். பாலக்காட்டுத் தமிழில், "ஐயா, இனி நீங்க எங்கேயும் வர வேண்டாம்" என்றார். அவர் ஏழு மாதம் அதன்பின் இருந்தார்.

பெயர் கொடுக்கச் சென்றபோது, நம் காலனி எந்த வார்டைச் சேர்ந்தது என்று ஆஷா பணியாளர் கேட்டார். சென்ற மூவரில் ஒருவருக்கும் தெரியவில்லை.