கமலை வாலும் ஆவாரம்பட்டையும்

மணியாச்சியிலிருந்து கோவில்பட்டி வரை விரியும் கரிசல், வானம் பார்த்த பூமி. கம்பும் பருத்தியும் மழையை நம்பி விளைந்தன. கிணறு வெட்டிய தோட்டங்களில்தான் மாடு பூட்டி நீர் இறைக்கும் கமலை ஓடியது. நீர் மொள்ளும் கூனை இரும்பு; அதன் அடியில் நீர் கொட்டக் கட்டிய வால் மாட்டுத்தோல்.

மாடுகள் சரிவில் இறங்க, கூனை மேலே வரும். வால்கயிறு வாலின் வாயைத் தூக்கிப் பிடித்திருப்பதால் வழியில் நீர் சிந்தாது. கிணற்று விளிம்பைத் தொட்டதும் வால் நீண்டு, நீர் தொட்டியில் கொட்டும். ஒவ்வொரு இறைப்புக்கும் தோல் மடிந்து நிமிர வேண்டும். இறவை நின்று வால் காய்ந்தால் விறைத்துச் சுருங்கும். சுருக்கம் விழுந்த இடத்தில் வெடிக்கும். வெடித்தால் இறைத்த நீர் கிணற்றுக்கே திரும்பும்.

மருந்து எளிது. தோலை நனைத்துப் பதமாக்கி, கையால் இழுத்து நீவி, ஈரம் முழுக்க வற்றுமுன் எண்ணெய் தேய்த்து நிழலில் காயவிடுவது. ஈரம் வெளியேற வெளியேற அந்த இடத்துக்கு எண்ணெய் இறங்கும். தோலின் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் வழுக்கி நகரும். வெயிலில் போட்டால் நார்கள் ஒட்டிக்கொண்டு சுருக்கம் நிலைத்துவிடும். 1948இல் சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே தோல் தொழிலாளிகளின் கைக்கு இது தெரியும். சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்குவதும், கரிசலில் தானாக முளைக்கும் ஆவாரையின் பட்டையில் தோலைப் பதனிடுவதும் அவர்கள் கைவேலைதான்.

அந்த அறிவுக்குக் கூலி, களத்தில் அளந்து போட்ட தானியம். மரியாதையோ அதுவும் இல்லை. செத்த மாட்டைச் சுமந்தவரைத் தெருவுக்குள் விடாத ஊர், அவர் தைத்த வாலில் வந்த தண்ணீரைத் தயங்காமல் குடித்தது. கோவில்பட்டிப் பக்கத்து எழுத்தாளர் பூமணி 1979இல் வெளியிட்ட ‘பிறகு’ நாவலின் நாயகர் அழகிரி அப்படியொரு தொழிலாளி. கரிசலின் வரலாற்றில் நிலக்காரர்களுக்குக் கிடைத்த பக்கங்களைப் பார்த்தால், இந்த ஒரு நாவல் செய்த வேலை பெரிது.

மின்சார பம்புசெட் வந்ததும் கமலை ஓய்ந்தது. தோல் பதனிடும் சாலைகளில் ஆவாரம்பட்டையின் இடத்தை ஆப்பிரிக்க வேலமரப் பட்டையும் குரோம் உப்பும் பிடித்துக்கொண்டன.

தோலின் குணம் மாறவில்லை. அலமாரியில் கிடந்து மடிந்துபோன கைப்பையையோ செருப்பு வாரையோ இஸ்திரிப் பெட்டியின் கொதிசூட்டில் அழுத்தாதீர்கள். ஈரத்தோல் சூடுபட்டால் சுருண்டுபோகும், பிறகு நிமிராது. லேசாக ஈரத்துணியால் துடைத்து, உள்ளே காகிதம் அடைத்து, தோலுக்கான எண்ணெயைத் துளியளவு நீவி, நிழலில் வையுங்கள்.