விடைத்தாளைச் சேகரிப்பது யார் பொறுப்பு? நிகழ்நிலைக் கணிதப் பரீட்சையும் கல்முனைக் கரையோரமும்

க.பொ.த. உயர்தர இணைந்த கணித வினாத்தாள் ஒவ்வொன்றுக்கும் மூன்று மணித்தியாலம். பகுதி அ-வில் பத்து வினாக்கள், வினாவுக்கு 25 புள்ளி. பகுதி ஆ-வில் ஏழில் ஐந்து வினாக்கள், வினாவுக்கு 150 புள்ளி. மொத்தம் 1000. இறுதி விடை பிழைத்தாலும், சென்ற வழி சரியென்றால் அந்த வழிக்குப் புள்ளி உண்டு. நேரம் முடிந்ததும் மாணவர் பேனையை வைத்துவிடுகிறார். அதன் பிறகு தாளை வாங்குவதும் எண்ணுவதும் கட்டுவதும் நோக்குநரின் வேலை. அதற்குச் செல்லும் நிமிடங்களை மாணவரின் மூன்று மணித்தியாலத்திலிருந்து யாரும் கழிப்பதில்லை.

கொவிட்-19 காலத்தில் வந்த நிகழ்நிலைப் பரீட்சை இந்த எல்லையை அழித்துவிட்டது. தாளைச் சேகரிக்கும் வேலை மாணவரின் வீட்டுக்கு வந்தது. அதற்கான நேரமும் அவர் கணக்கிலேயே எழுதப்பட்டது. எழுதி முடித்த நேரத்தையும் கோப்பு வந்து சேர்ந்த நேரத்தையும் ஒன்றாக எண்ணும் விதி கணித அறிவை அளப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

2020 மார்ச் 13 முதல் இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. பல்கலைக்கழகங்களுக்கு இலங்கைக் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பான லேர்ன் ஊடாக ஸூம் வசதி கிடைத்தது; பல்கலைக்கழகக் கற்றல் தளங்களுக்குக் கட்டணமின்றிச் செல்லவும் வழி செய்யப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளுக்கோ பெரும்பாலும் வட்ஸ்அப் குழுவும், ரீலோட் செய்து வாங்கிய டேட்டாவும்தான். தேசியப் பரீட்சைகள் மண்டபத்தை விட்டு வெளியேறவில்லை. 2020 உயர்தரப் பரீட்சை அவ்வாண்டு ஒக்டோபரில் தொடங்கித் தாளிலேயே நடந்தது. ஆகவே நேரம் குறித்து, கையால் எழுதி, படமெடுத்து அனுப்பும் முறை வகுப்புத் தேர்வுகளுக்கும் தனியார் வகுப்புகளுக்கும் பல்கலைக்கழக மதிப்பீடுகளுக்கும் உரியதாயிற்று. நவம்பர் இறுதியில் கல்முனைக்குத் தெற்கேயுள்ள அக்கரைப்பற்றுப் பகுதி தனிமைப்படுத்தப்பட்டபோது, அங்குள்ள மாணவருக்கு வேறு வழியே இருக்கவில்லை.

எழுதி முடித்த பின் வீட்டில் நடப்பதைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். பேசப்பட வேண்டிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது. நாட்டில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீட்டில்தான் மேசைக் கணினியோ மடிக்கணினியோ இருந்தது. எனவே வினாவைக் காட்டும் திரையும் தாளைப் படமெடுக்கும் கமராவும் ஒரே கைப்பேசி. அதுவும் பல வீடுகளில் சகோதரங்களுக்குப் பொதுவானது. கொப்பித்தாளில் பத்துப் பக்கம் எழுதியவர் பத்துப் படம் எடுக்க வேண்டும். ஒரு படம் மூன்று, நான்கு மெகாபைட் என்றால் மொத்தம் முப்பதைத் தாண்டும். கற்றல் தளம் அவ்வளவு பெரிய கோப்பை ஏற்காது என்றால் ஸ்கேன் செயலியால் கறுப்பு வெள்ளையாக்கிச் சுருக்க வேண்டும். அங்கேதான் கணிதத்துக்கே உரிய இழப்பு நேர்கிறது. பேனை எழுத்து தப்பிவிடும். பென்சிலால் வரைந்த வரைபும் விசை முக்கோணியும் மங்கிவிடும். புள்ளிக்கோடுகள் அடியோடு மறையும். தலைக்கு மேலுள்ள மின்குமிழால் கையின் நிழல் தாளில் விழுந்தால் அந்த மூலை முழுவதும் கரும்பட்டையாகும். திருத்துபவர் பார்ப்பது படமில்லாத விடையைத்தான்; படத்துக்குரிய புள்ளியை அவரால் வழங்க முடியாது. வரலாற்றுப் பாட மாணவருக்கு இதே செயலி இத்தகைய சேதத்தை விளைவிப்பதில்லை.

அப்படியானால் பல்தேர்வு வினாக்கள் போதுமே, அல்லது விடையைத் தட்டச்சுச் செய்யலாமே என்பார்கள். இரண்டையும் நான் ஏற்கவில்லை. பல்தேர்வு முடிவை மட்டும் கேட்கிறது. நம் புள்ளித்திட்டமோ படிமுறையின் மேல் கட்டப்பட்டது. மண்டபத்தில் படிமுறையால் மதிப்பிடப்படப் போகும் பிள்ளையை, ஆண்டு முழுவதும் முடிவை மட்டும் தெரிவுசெய்யப் பழக்குவது அநீதி. தொகையிடற் குறியும் பின்னமும் அடுக்கும் கைப்பேசி விசைப்பலகையில் எளிதில் வருவதில்லை. தமிழ் மொழிமூலத்தில் கற்பவர் தமிழுக்கும் குறியீட்டுக்கும் இடையே ஓயாமல் விசைப்பலகையை மாற்ற வேண்டியிருக்கும். கணிதத்துக்குக் கையெழுத்தே இன்னும் விரைவான, நேர்மையான கருவி.

வசதி மிகுந்த நாடுகளும் இதே இடத்தில் தடுக்கி விழுந்தன. 2020 மே மாதம் அமெரிக்கக் கொலேஜ் போர்ட் பாடசாலை மாணவருக்கான தன் ஏபி பரீட்சைகளை வீட்டிலிருந்து எழுதவைத்தது. எழுதுவதற்கு வினாவுக்கேற்ப 25 அல்லது 15 நிமிடம், அனுப்புவதற்கு 5 நிமிடம். ஐபோன் சேமிக்கும் பட வடிவத்தை அந்தத் தளம் ஏற்காததால் பலருடைய விடைகள் போய்ச் சேரவில்லை. சில நாட்களில் மின்னஞ்சல் வழியாக அனுப்ப மாற்றுவழி தரப்பட்டது. அதற்கு முன்பே எழுதி, விடை போய்ச் சேராதவர்கள் ஜூனில் மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. விடை சரியா பிழையா என்று எவரும் பார்க்குமுன்னரே அவர்கள் தோற்றிருந்தார்கள்.

தாளை அனுப்பக் கூடுதல் நேரம் தருவதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான காரணம் களவு. பதிவேற்ற நேரம் கூடினால் பிறர் விடையைப் பார்த்துத் திருத்துவார்கள் என்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் பார்த்தெழுதுவதற்கு எழுதும் நேரத்திலேயே மூன்று மணித்தியாலம் இருக்கிறது. கடைசிப் பத்து நிமிடத்தை நெருக்குவதால் அது தடைபடாது. சிக்னல் இல்லாதவர்தான் மாட்டிக்கொள்வார். அச்சத்தைத் தீர்க்க இரண்டு கட்டங்களாக அனுப்பச் சொன்னால் போதும். நேரம் முடிந்தவுடன் எல்லாத் தாள்களையும் தரையில் பரப்பி, வட்ஸ்அப்பில் உடனே செல்லும் சிறிய படங்கள் ஒன்றிரண்டு. அதில் எழுத்தை வாசிக்க முடியாமல் போகலாம். எத்தனை பக்கம், எங்கே வெற்றிடம், எங்கே வரைபு என்பது தெரிந்தால் போதும். தெளிவான பிரதி ஆறுதலாக வரட்டும். அந்தப் படத்தில் வெறுமையாகக் கிடந்த அரைப் பக்கம் பிரதியில் நிரம்பியிருந்தால் களவு தானே வெளிப்படும். ஓர் எண்ணைத் திருத்துவது இதில் அகப்படாமல் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். படிமுறைக்குப் புள்ளி வழங்கும் திட்டத்தில் அந்த ஓர் எண்ணால் வரும் ஆதாயம் சிறிது.

சிறிய படம்கூடப் போகாத நாட்கள் உண்டு. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. கைப்பேசியில் சார்ஜ் இருந்தாலும், கோபுரத்தின் மின்கலம் தீர்ந்தால் சிக்னல் போய்விடும். அத்தகைய நாளில் கிளிநொச்சியின் ஒரு குக்கிராமத்துக்கு இல்லாத வாய்ப்பு கல்முனைக் கரையோரத்துக்கு இருக்கிறது. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் ஆகியவை வீட்டோடு வீடு ஒட்டிய நெருக்கமான ஊர்கள். நடக்கும் தூரத்தில் ஒரு பாடசாலை இருக்கும். ஊரடங்கோ தனிமைப்படுத்தலோ இல்லாதபோது, எழுதிய தாளையே உறையிலிட்டு அருகிலுள்ள பாடசாலை அலுவலகத்தில் கொடுக்கலாம். அதிபர் நேரத்தைக் குறித்து ஒப்பமிட்டால் அது மண்டபத்து நோக்குநரின் கையெழுத்துக்கு ஈடாகும். இதற்கு வலயக் கல்வி அலுவலகத்தின் சுற்றறிக்கை ஒன்று போதும். ஒலுவிலிலும் சம்மாந்துறையிலும் பீடங்களைக் கொண்ட தென்கிழக்குப் பல்கலைக்கழகம், இக்கரையோரத்து மாணவருக்காக இதே பாடசாலைகளுடன் உடன்பாடு செய்துகொள்ளலாம். பரீட்சை அறிவித்தலில் எழுதும் நேரமும் சேகரிக்கும் நேரமும் தனித்தனி வரிகளாக இருக்க வேண்டும். இரண்டாவது வரியில் நேரும் தாமதத்துக்கு மாணவரின் புள்ளியைக் குறைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை என்று அதிலேயே எழுதப்பட வேண்டும்.