மோட்பஸ் முகவரிகளின் பூர்வ சரித்திரம்

பி.எல்.சி. என்று தொழிற்சாலைகளில் வழங்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் ஒரே கம்பியில் சம்பாஷிப்பதற்காக, அமெரிக்காவின் மாஸசூஸெட்ஸ் மாகாணத்தில் தோன்றிய மோடிகான் ஸ்தாபனம் 1979-இல் வகுத்த மோட்பஸ் என்னும் முறையில், வினவும் அதிகாரம் தலைமைக் கருவி ஒன்றுக்கே உரியதாயிருக்க, ஏனையவை 1 முதல் 247 வரையிலான எண்களில் ஒன்றைத் தரித்து, தம் எண் அழைக்கப்பட்டாலன்றி மௌனம் அனுஷ்டித்தன. பூஜ்யம் எல்லோருக்கும் பொதுவான ஆக்ஞை. அதற்கு எதுவும் மறுமொழி பகர்வதில்லை. எண்ணைக் கருவிக்குச் சூட்டுவது மனிதனின் பொறுப்பாதலால், அஜாக்கிரதையாக இரண்டுக்கு ஒரே எண் வாய்த்துவிட்டால், இரண்டும் ஏககாலத்தில் விடையளித்துச் செய்தியைக் குலைத்துவிடும்.

இதனினும் விசித்திரமானது கருவிக்குள் தகவல் தங்கும் பதிவிடங்களின் கணக்கு. கையேடு 40001 என்று குறிக்கும் முதல் பதிவிடம், கம்பியில் செல்லுகையில் வெறும் பூஜ்யமாகிவிடுகிறது; முன்னுள்ள 4 பதிவிடத்தின் ஜாதியை மாத்திரம் சுட்டுவது, கையேட்டின் எண்ணிக்கையோ ஒன்றிலிருந்து தொடங்குவது. இந்த ஓர் எண் வித்தியாசத்தைச் சில உற்பத்தியாளர்கள் கழித்தும், சிலர் கழியாமலும் அச்சிட்டதால், பொறியாளர்கள் பட்ட அவஸ்தை கொஞ்சமன்று. அதனை மூல வகுப்பாளரின் குற்றமென்பதைக் காட்டிலும், பின்வந்தோரின் அசிரத்தை என்பதே நியாயம்.

1999-இல் மோட்பஸ் ஈதர்நெட் வலையில் ஏறியபோது ஐ.பி. முகவரி பிரதானமாயிற்று, எனினும், பழைய கம்பிகளில் தொங்கும் கருவிகளை இடைநிலைப் பெட்டி வழியே அழைக்கும் நிமித்தம், ஒற்றை பைட்டில் அடங்கும் அந்தக் கருவி எண்ணும் செய்தியில் நிலைநிறுத்தப்பட்டது.